நாய்கள் குரைக்காத பதினான்கு மாதங்கள்

தீத்தர் ஐயா இறந்த நாளிலிருந்து பதினான்கு மாதங்கள் தலைமன்னாரில் ஒரு நாயும் குரைக்கவில்லை. சேவல் கூவவில்லை, ஆடு கத்தவில்லை, காகம் கரையவில்லை. பழைய இறங்குதுறையான பியரின் சந்தியில் நின்று ஊரை எழுப்பிப் பழகிய கழுதைகளும் வாயை மூடிக்கொண்டன. 2024 பங்குனி பதினொன்றாம் திகதி, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி கழிந்து சில நிமிடங்களில் இது தொடங்கியது. மிருக வைத்தியர் ஒருவர் வந்து பதினாறு தொண்டைகளுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பதினாறும் நல்ல தொண்டைகள் என்று எழுதிக் கொடுத்தார். சத்தம் போடக்கூடியவை போடாமல் இருக்கின்றன என்றால் அவற்றிடம் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பொழுதுபடுமுன்னரே மன்னாருக்குப் போய்விட்டார். அந்தக் காரணம் ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் பெயர் யசிந்தா. தீத்தர் வீட்டில் பத்து வருடமாகச் சமைத்தவள்.

தீத்தர் ஜெர்மன்காரர். அவருடைய ஊரில் டீட்டர் என்று அழைத்திருப்பார்கள். இங்கே குழந்தைக்குச் சோறு ஊட்டித் தீத்துவதுபோல் கண்ட பிராணிக்கெல்லாம் தீத்திக்கொண்டு திரிந்ததால் பெயர் தன்பாட்டில் திருந்திக்கொண்டது. 2010இல் கண்ணிவெடி அகற்றும் குழுவொன்றோடு நாய்களைக் கொண்டு பெருநிலப்பரப்புக்கு வந்தவர். அந்த நாய்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. மண்ணுக்குள் இருப்பதைத் தேடும்போது குரைக்கக் கூடாது. கண்டுபிடித்தால் தோண்டக் கூடாது, அந்த இடத்திலேயே குந்தி இருந்துவிட வேண்டும். தேட அனுப்பிய ஆள் வந்து முடிந்தது என்று சொல்லும்வரை எழும்பவோ குரைக்கவோ கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. மூன்று வருடத்தில் குழு திரும்பிப் போனது. பின்னங்கால் பழுதான பெர்த்தா என்ற நாயையும், வெடி கண்ட இடத்தை அடையாளமிட அடிக்கும், இனி யாருக்கும் தேவைப்படாத ஒரு சாக்குச் சிவப்புத்தலை முளைக்கம்புகளையும் எடுத்துக்கொண்டு தீத்தர் மன்னார்த் தீவுக்கு வந்து, பியருக்குப் போகும் வீதியில் ஒரு பனங்காணியில் குடியிருந்தார். வாகனம் அடித்த கழுதைகளுக்கு மட்டை வைத்துக் கட்டினார். வலை வெட்டிய ஆமைகளுக்குக் களிம்பு பூசினார். காலை வேளைகளில் தன் தொப்பியை மணலுக்குள் புதைத்துவிட்டுப் பெர்த்தாவைத் தேட விடுவார். இரண்டு வருடத்துக்குள் ஆடுகளும் மாடுகளும் கழுதைகளும் அந்த விளையாட்டைப் பழகி, தொப்பி இருந்த இடத்தைச் சுற்றி வட்டமாகக் குந்தியிருக்கத் தொடங்கின. காகங்கள் அவர் தொலைத்த மூக்குக்கண்ணாடியை மூன்று முறை தேடிக் கொண்டுவந்து கொடுத்தன. மூன்றாவது முறை கொண்டுவந்தது அவருடையதல்ல. ஆனால் அதில்தான் அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

தமிழை அவர் யசிந்தாவின் குசினியில் கற்றுக்கொண்டார். அதனால் ஆறடி உயரமும் செம்மீசையும் கொண்ட அந்த மனிதர் தேங்காய் திருவும் பெண்களைப் போலப் பேசினார். கழுதைகளை நீங்கள் என்றும் நாய்களை நீர் என்றும் அழைத்தார். சந்தியில் ஒருநாள் ஒரு லொறிச் சாரதியை மட்டும் நீ என்றார், அன்று அந்தச் சாரதி ஒரு கழுதைக்குட்டியை லொறியால் அடித்திருந்தான். ஏதாவது ஒரு பிராணி செத்தால், மற்றவை ஒவ்வொன்றிடமும் நடந்துபோய்ச் சொல்லுவார். இதைப் பார்த்து யசிந்தா ஒருமுறை சிரித்துவிட்டாள்.

"என்ன சிரிக்கிறீர்? எங்கட ஊரிலை வீட்டுக்காரன் செத்தா தொழுவத்துக்குப் போய் மாட்டுக்குச் சொல்ல வேணும். தேன்கூட்டைத் தட்டித் தேனீக்குச் சொல்ல வேணும். சொல்லாட்டி அதுகள் நிம்மதியா இராது."

"இஞ்சையும் அப்பிடித்தான் ஐயா. செத்தவீடு எண்டா வீடு வீடாப் போய்ச் சொல்லோணும். ஒரு வீட்டை விட்டாலும் அந்த வீடு வராது, பிறகு பத்து வருசத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்."

"அப்ப உமக்கு விளங்கும். நான் செத்தா என்ர ஆக்களுக்கு நீர்தான் சொல்லோணும். வாக்குத் தாரும்."

யசிந்தா வாக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போது குழம்புக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை, முற்றத்துக் கதிரையில் இருந்து ஒரு கழுதையின் காதில் உண்ணி எடுத்துக்கொண்டிருந்த தீத்தர், எடுத்த உண்ணி விரலில் இருக்கும்போதே இறந்துபோனார். வைத்தியர் வந்து மாரடைப்பு என்று எழுதினார். பெடியன்கள் ஊரில் ஒரு வீடு தவறாமல் செய்தி சொல்லிவிட்டார்கள், ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டியும் சொல்லியாயிற்று. பிரேதம் தனக்கு வேண்டும் என்று ஜெர்மனியிலிருந்து அவருடைய சகோதரி தொலைபேசியில் அழுததால், கொழும்புக்குக் கொண்டுபோக மூன்று மணிக்குப் பிரேதம் ஏற்றும் மலர்ச்சாலை வான் வந்தது. வானின் நிறம் வெள்ளை. முற்றத்தில் நின்ற நாயும் பூனையும் மாடும் கழுதையும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேர் தீத்தரை உள்ளே ஏற்றிக் கதவை இழுத்து மூடினார்கள். அந்தக் கதவுச் சத்தம் கேட்டதும் யசிந்தா பக்கத்தில் நின்ற கழுதையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். 2008 தை மாதத்தில், இதேபோல் வெயில் சரிந்த ஒரு பிற்பகலில், அவளுடைய கணவன் பத்திநாதனை அடம்பன் வீதியில் வைத்து இப்படியான ஒரு வானில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றியவர்கள் யார் என்று சொல்லவில்லை. அன்று இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளையோடு நின்ற அவளுக்கு ஊர் முழுவதும் வந்து சொன்ன ஆறுதலைத்தான் பதினாறு வருடமாக அவள் சாப்பாட்டுக்கு மேலாக உண்டு உயிர்வாழ்ந்தாள்.

பெர்த்தா அவளுக்கு முன்னால் வந்து நின்று முகத்தைப் பார்த்தது. மற்றவையும் பார்த்தன. வாக்குக் கொடுத்த வேளை வந்துவிட்டது. யசிந்தா வாயைத் திறந்தாள். செத்துப்போனார் என்ற சொல்லை அந்த வாய் பதினாறு வருடமாக எவரைப் பற்றியும் சொன்னதில்லை, பக்கத்து வீட்டில் செத்த கிழவரைப் பற்றிக்கூட. அது வரவில்லை. வந்தது வேறு.

"பயப்பிடாதேங்கோ," என்றாள். "விசாரிச்சுப்போட்டு விட்டிடுவினம். ஆள் வரும். கட்டாயம் வரும்."

அவள் தீத்தரை நினைத்துச் சொல்லவில்லை. மண்ணுக்குள் கிடக்கும் வெடிமருந்தை மணந்து பிடிக்கிற நாய்க்கு இது தெரியாமல் இருந்திருக்காது. வான் திரும்பி வீதியில் ஏறியது. அந்த நிமிடத்திலிருந்து ஊரில் எந்தப் பிராணியும் சத்தம் போடவில்லை. பெர்த்தா பழகிய சட்டம் அது, தேடும்போது குரைக்கக் கூடாது.

முதல் கிழமை சனங்கள் நன்றாக நித்திரை கொண்டார்கள். இரண்டாவது கிழமையில் பயம் வந்தது. சேவல் கூவாததால் கடலுக்குப் போகிறவர்கள் நேரம் பிந்தினார்கள். பட்டப்பகலில் ஒரு புடையன் பாம்பு மூன்று நாய்களைத் தாண்டி வீட்டுக்குள் போய்த் தொட்டிலுக்குக் கீழே சுருண்டு கிடந்தது. நாய்கள் அதைப் பார்த்துவிட்டு, தாங்கள் தேடுவது அதுவல்ல என்பதுபோல் திரும்பிக்கொண்டன. ஊர் அமைதியில் காற்றாலைகளின் செட்டைகள் சுற்றுவது மட்டும், யாரோ பெரிய ஆள் மூச்சு விடுவதுபோல், நாள் முழுவதும் கேட்டது. கழுதைகள் பேருந்து நிற்கும் இடத்தில் நின்று, இறங்கும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தன. ரயில் வரும் நேரத்தில் மேடையில் ஏறி, பெட்டி பெட்டியாக ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தன. அனுராதபுரத்திலிருந்து வந்த ஒரு பயணி இறங்க மறுத்து அதே ரயிலில் திரும்பிப் போனார். மூன்று மாதம் இப்படிக் காத்திருந்த பிறகு, வருவதாகச் சொன்னவரை ஊரில் எவரோ ஒளித்து வைத்திருப்பதாக அவை முடிவு செய்திருக்க வேண்டும்.

முதலில் சுற்றிவளைக்கப்பட்டது அலியாரின் வீடு. ஆடு வளர்த்து விற்கிற அலியார் வீட்டில் அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடித்து வெளியே போகக் கேற்றில் கை வைத்தபோது, வேலியைச் சுற்றி நாற்பத்தொரு பிராணிகள் இடைவெளி விடாமல் நின்றன.

"திறக்காதீங்க!" என்றாள் உள்ளே நின்ற மனைவி சரீபா.

"திறக்காட்டி உடைச்சிட்டு வரும். நீ அடையாள அட்டையை எடு."

"கழுதைக்கு அடையாள அட்டை காட்டப் போறீங்களா? புத்தி பேதலிச்சுப் போச்சா உங்களுக்கு?"

"எடு எண்டா எடு. குடும்ப அட்டையையும் எடு. கை தானா போகுது, நான் என்ன செய்ய?"

இருவரும் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தார்கள். பூனைகள் கட்டில்களுக்குக் கீழே போயின. ஆடுகள் அலுமாரியை மணந்தன. பெர்த்தா அரிசிப் பெட்டியின் மூடியை மூக்கால் தூக்கிப் பார்த்து, மறுபடி மூடியது. ஒரு மாடு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது. இருபத்தைந்து நிமிடம். ஒரு கோப்பை உடையவில்லை.

"பாருங்க, முன்னுக்கு நிக்கிறது நம்மட வெள்ளாடு," என்றாள் சரீபா பல்லைக் கடித்துக்கொண்டு. "குழை வெட்டிப் போட்டு வளத்தது நாம!"

"அது இப்ப டியூட்டியில நிக்குது. பேசாம இரு."

அதன் பிறகு ஒரு நாளைக்கு ஒரு வீடு, சில நாட்களில் இரண்டு. அதிகாலையில் வேலியைச் சுற்றி நிற்கும். கதவு திறந்தால் தேடிவிட்டுப் போகும். திறக்காவிட்டால் திறக்கும்வரை நிற்கும், யாரையும் கிட்ட வந்து தொடாது, பார்க்கும். அந்தப் பார்வைதான் தாங்க முடியாதது. நாற்பது வயது தாண்டிய எல்லோருக்கும் யுத்த காலத்துச் சுற்றிவளைப்புகளிலிருந்து இந்த ஒழுங்கு ஏற்கனவே தெரியும் என்பதால் யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நின்றார்கள். இளம் பெடியன்களைத் தாய்மார் முதல் நாளே உறவினர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். வள்ளமுதலாளி மில்ரனின் வீட்டில் தேடி முடிந்து திரும்பும்போது, ஒற்றைக் காது கிழிந்த ஒரு பெட்டைக் கழுதை அவருக்கு நேரே நின்று தலையை ஆட்டியது. முந்திய காலத்தில் சனங்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தி, சாக்கு மூடிய ஒரு ஆளுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க விடுவார்கள். சாக்குக்குள் இருந்த தலை யாருக்கு ஆடியதோ அவர் வீட்டுக்கு வரமாட்டார். கழுதையின் மூக்கில் ஒரு ஈ இருந்தது, அதை விரட்டத்தான் தலையை ஆட்டியது. மில்ரன் அட்டையும் கையுமாக மயங்கி விழுந்து, மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். ஊரில் யாரும் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை.

மாதா கோவிலிலும் தேடின. பாவசங்கீர்த்தனத் தொட்டியின் திரையை ஒரு ஆடு வாயால் விலக்கிப் பார்த்தது. பள்ளிவாசலுக்குள் பூனைகள் மட்டும் போயின, மற்றவை வாசலில் நின்றன. ஒரு அரசாங்கக் கந்தோரிலிருந்து லொறி வந்து முப்பது கழுதைகளை ஏற்றிக்கொண்டு போய் நூறு மைல் தள்ளி இறக்கிவிட்டது. பதின்மூன்றாம் நாள் முப்பதும் திரும்பி வந்து, விட்ட வீட்டுக்கு அடுத்த வீட்டிலிருந்து தொடங்கின.

ஒரே ஒரு வீட்டை மட்டும் அவை சுற்றிவளைக்கவில்லை. அது யசிந்தாவின் வீடு. பாண் விற்கும் வானடியில் பெண்கள் அவளைக் கண்டால் கதையை நிறுத்தினார்கள். "எங்கட வீட்டிலை பானைக்குள்ளையும் பாத்ததுகள், சிலபேற்றை வீடு பெரிய இடம்போலை," என்று யாரோ காற்றுக்குச் சொன்னார்கள். யசிந்தா பாணை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்தாள். தேட அனுப்பிய ஆளின் வீட்டை யாரும் தேடுவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து மணிக்குப் பெர்த்தா மட்டும் தனியாக அவளுடைய படலைக்கு வந்தது. பதினாறு வயதுக் கிழட்டு நாய். நொண்டி நொண்டி வந்து, அன்றைய வேலையை ஒப்புவிப்பதுபோல் அவளைப் பார்த்து நிற்கும். நிற்கும், குந்தியிருக்காது. அந்தப் பதினான்கு மாதத்தில் பெர்த்தா எங்கேயும் குந்தியிருந்ததை ஒருவரும் காணவில்லை. யசிந்தா அதன் முகத்தைப் பார்ப்பதே இல்லை, பின்னங்கால்களைத்தான் பார்ப்பாள். அவை மடிந்துவிடக் கூடாது, மாதாவே, இண்டைக்கும் மடியக் கூடாது என்று மனத்துக்குள் சொல்லுவாள். நாய் திரும்பிப் போகும். அதன் பிறகுதான் அவளால் அடுப்பு மூட்ட முடியும்.

மகள் கிருஷிகாவுக்குப் பதினெட்டு வயது. தகப்பனின் முகம் அவளுக்குப் படத்தில்தான் தெரியும். ஒருநாள் பெர்த்தா போன பிறகு படலையைச் சாத்திக்கொண்டு அவள் கேட்டாள்.

"அம்மா, அண்டைக்கு நீங்கள் அதுகளுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டுமில்லை. போய்ப் படி."

"ஓட்டோவிலை ஸ்பீக்கர் கட்டி முழு ஊருக்கும் சொன்னது. ஐயா கேட்டது அதுகளுக்குத்தானே சொல்லச் சொல்லி. நீங்கள் சொல்லேல்லை, என்ன?"

"சொன்னனான்."

"என்னெண்டு?"

யசிந்தா தேங்காய் திருவினாள். கிருஷிகா அவளுக்கு முன்னால் வந்து குந்தினாள்.

"வருவார் எண்டு சொன்னனீங்கள்," என்றாள். "எனக்குச் சொல்லுற மாதிரி."

ஊரில் மற்ற வீடு ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகு, 2025 வைகாசி முதல் கிழமையில், அவை மன்னார்ப் பாலத்தைக் கடந்தன. காலை ஆறரை மணிக்குப் பெர்த்தா முன்னால் நொண்ட, கழுதைகளும் மாடுகளும் ஆடுகளும் நாய்களும் ஒரு வரிசையாகப் பின்னால் போயின. பூனைகள் மாடுகளின் முதுகில் இருந்தன, காகங்கள் மேலே போயின. பேருந்துகள் முக்கால் மணி நேரம் நின்றன, ஒரு சாரதியும் ஹோர்ன் அடிக்கவில்லை. திருக்கேதீஸ்வரம் திரும்பும் வீதியைத் தாண்டி, அடம்பன் பக்கமாக, உடைமரமும் உவர் மண்ணும் மட்டுமே உள்ள ஒரு வெட்டவெளித் தரவையில் அவை பரவின. மூன்றாம் நாள் முதலாவது ஆடு குந்தியிருந்தது. பிறகு ஒரு மாடு. பிறகு ஒவ்வொன்றாக, ஒவ்வொரு இடத்தில், வட்டமாக இல்லாமல், பத்தடி இருபதடி இடைவெளியில் நிலத்தைப் பார்த்தபடி குந்தின. வீதியால் போனவர்கள் பார்த்தார்கள். என்ன அர்த்தம் என்று ஒருவரும் மற்றவரைக் கேட்கவில்லை. அடம்பன் சந்தைக்குப் போகிற சனங்கள் அந்த இடம் வந்ததும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சிலுவை போட்டார்கள், திருநீறு பூசினார்கள், கலிமா ஓதினார்கள். வைகாசி வெயிலில் உவர் வெள்ளையாகக் கொதித்தது. இருந்தவை எழும்பவில்லை, வாளியில் கொண்டுபோய் வைத்த தண்ணீரையும் தொடவில்லை.

ஐந்தாம் நாள் அலியார் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை யசிந்தாவின் படலைக்கு முன்னால் நிறுத்தினார். அவருடைய பதினொரு ஆடுகள் அங்கே இருந்தன.

"தங்கச்சி, ரெண்டு ஆடு நாக்கை வெளிய போட்டுட்டுது. மடியில தூக்கினேன், திரும்பி அந்த இடத்துக்கே ஊர்ந்து போகுது. இன்னொரு நாள் தாங்காது. உங்கட வாயால ஒரு சொல்லுச் சொன்னா எழும்பும் எண்டு பிள்ளை சொல்லுது."

"எந்தப் பிள்ளை?"

"இந்தா நிக்குதே, உங்கட பிள்ளை."

கிருஷிகா சாக்கொன்றைத் தூக்கி லான்ட்மாஸ்டர் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். தீத்தர் வீட்டுக் கொட்டிலில் கிடந்த முளைக்கம்புச் சாக்கு அது.

"அலியார் நானா, நான் சொன்னா எல்லாம் எழும்பிப் போயிடும்," என்றாள் யசிந்தா. "பிறகு ஆர் தேடுறது?"

அலியார் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பத்திநாதனைக் கொண்டுபோன அன்று, வருவான் தங்கச்சி, விட்டிடுவாங்க என்று முதலில் வந்து சொன்னவர் அவர்தான்.

"அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார். "எனக்கும் அப்ப வேற சொல்லுத் தெரியல்ல."

யசிந்தா செருப்பைப் போட்டுக்கொண்டு பெட்டியில் ஏறினாள்.

தரவையில் நூற்றுப் பன்னிரண்டு பிராணிகள் இருந்தன. வீதியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவை தெரிந்திருக்கும், அவற்றின் கண்கள் தெரிந்திருக்காது. யசிந்தா உள்ளே நடக்க நடக்க ஒவ்வொரு தலையும் அவள் பக்கம் திரும்பியது. காலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று தெரிந்த நிலத்தில் எப்படி நடப்பது என்று தெரியாமல் அவள் பாதத்தின் நுனியால் நடந்தாள். முதலில் இருந்தது அலியாரின் வெள்ளாடு. செத்தவீட்டுக்குச் சொல்லப் போகிறவர்கள் படலைக்கு வெளியே நிற்பதுபோல் இரண்டடி தள்ளி நின்றாள். வாய் திறந்தது, மூடியது. வெயில் தலையில் இறங்கியது. பின்னால் நின்ற கிருஷிகா அவளுடைய முதுகில் கை வைக்கவில்லை. ஆட்டின் நாக்கு உவரில் கிடந்தது.

"தீத்தர் ஐயா," என்றாள் யசிந்தா, "தீத்தர் ஐயா செத்துப்போனார். இனி வரமாட்டார்."

வெள்ளாடு கத்தியது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு கேட்ட அந்தச் சத்தத்தில் வீதியில் போன ஒருவர் சைக்கிளோடு விழுந்தார். ஆடு நடுங்கி நடுங்கி எழும்பி வாளிக்கு நடந்தது. அது இருந்த இடத்தில் கிருஷிகா ஒரு சிவப்புத்தலை முளையை அடித்தாள்.

ஒரேயடியாக எல்லாவற்றுக்கும் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது முறையல்ல, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டும். மாட்டுக்குச் சொன்னாள், மாடு கதறியது. ஒற்றைக் காது கிழிந்த கழுதைக்கு, தீத்தர் சொல்லுவதுபோல் நீங்கள் என்று மரியாதையாகச் சொன்னாள். உடைமரத்தின் அடியில் தரையில் இருந்த ஒரு காகத்துக்குக் குனிந்து சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தச் சொல் வாயில் தேய்ந்து, மற்றச் சொற்களைப் போன்ற ஒரு சொல்லாக ஆகிக்கொண்டு வந்தது. அலியார் வாளியோடு ஓடித் திரிந்தார். பின்னேரம் நான்கு மணியாகும்போது சாக்கில் ஒரு முளைதான் மிச்சமிருந்தது. தரவை முழுவதும் சிவப்புத்தலைகள் நின்றன, சுற்றிவரக் குரைப்பும் கத்தலும் கரைதலுமாக, செத்தவீட்டில் பெண்கள் குழறும் நேரம்போல் இருந்தது.

பெர்த்தா மட்டும் குரைக்கவில்லை. அது காலையிலிருந்து யசிந்தாவுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. யசிந்தா திரும்பி அதற்கு முன்னால் முழந்தாளிட்டாள்.

"பெர்த்தா," என்றாள்.

நாய் அவள் சொல்லி முடிக்கும்வரை நிற்கவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கமாக நடந்தது. இருபது அடி, முப்பது அடி. பாதி பட்டுப்போன ஒரு விடத்தல் மரத்துக்குக் கிட்டப் போய் ஒருதரம் சுற்றியது. யசிந்தா அதன் பின்னங்கால்களைப் பார்த்தாள். நல்ல கால் முதலில் மடிந்தது. பிறகு, கொஞ்சம் சிரமப்பட்டு, பழுதான கால். பெர்த்தா இருந்தது. இருந்துகொண்டு, செய்தி சொல்ல வந்த ஆள் வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல், யசிந்தாவைப் பார்த்தது.

யசிந்தா எழும்பி அந்த முப்பது அடியையும் நடந்தாள், இந்தமுறை முழுப்பாதத்தையும் வைத்து. நாயின் தலையில் கை வைத்தாள்.

"செத்துப்போனார்," என்றாள். "ஓம். செத்துப்போனார்."

பெர்த்தா ஒரேயொரு தரம் குரைத்தது. கிருஷிகா கடைசி முளையை அடித்தாள். அது கொஞ்சம் சரிந்து நின்றது, அவள் அதைத் திருத்தவில்லை.

முளைகள் இன்னும் அங்கே நிற்கின்றன. நூற்றுப் பதின்மூன்று. தோண்டிப் பார்க்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனு கொடுத்தாயிற்று, திகதி குறித்தார்கள், திகதி தள்ளிப்போனது, இன்னொரு திகதி வந்திருக்கிறது. தரவையால் போகிறவர்கள் இப்போது முகத்தைத் திருப்புவதில்லை. சிலர் பேருந்திலிருந்து இறங்கி, ஒரு முளைக்குக் கிட்டப் போய் நின்றுவிட்டு அடுத்த பேருந்தில் போகிறார்கள். மற்றபடி எல்லாம் வழமைக்கு வந்துவிட்டது. தலைமன்னாரில் நாய்கள் தேவைக்கு அதிகமாகவே குரைக்கின்றன, அதைப்பற்றி முறைப்பாடுகளும் உண்டு.

முளைகள் அடித்த மறுநாள் காலை யசிந்தா கறுப்புச் சேலை உடுத்திக்கொண்டு, பதினேழு வருடம் பிந்திய செய்தியைச் சொல்ல வீடு வீடாகப் போனாள். முதலில் அலியார் வீட்டுக்குப் போனாள். சரீபா கேற்றடிக்கு வந்து, இவரும் உங்கட ஆளும் முந்தி ஒரே வள்ளத்துல கடலுக்குப் போனவங்க என்று மட்டும் சொல்லி, அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு படலையிலும் பெர்த்தா முன்னால் போய் ஒருதரம் குரைத்து ஆளைக் கூப்பிட்டது. ஒரு வீடும் தவறவில்லை. பாண் வானடியில் காற்றுக்குக் கதைத்தவளின் வீட்டுக்கும் போனாள். அன்று யசிந்தாவின் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, சோறு சரீபா வீட்டிலிருந்தும் மில்ரன் வீட்டிலிருந்தும் வந்தது. பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கதிரை வைத்து, அதில் பத்திநாதனின் படத்தைச் சாத்தியிருந்தார்கள். பின்னேரம் சுவாமியார் வந்து செபம் சொன்னார், கோவிலில் துக்கமணி அடித்தது. பந்தலுக்குள் ஊர் முழுவதும் நிறைந்திருந்தது. பந்தலுக்கு வெளியே, வேலியோரமாகத் தலையைக் குனிந்துகொண்டு கழுதைகள் நின்றன. அவற்றுக்கும் சொல்லியிருந்தது.